சேதாரக் கணக்கு

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் தேவகோட்டை. பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், கணக்குத் தணிக்கை வேலை. எங்கள் அடுக்குமாடியில் அடுத்த வீட்டில் ஒரு சீனப் பாட்டி, ஹொக்கியன்காரர். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாக நோட்டுகள். கம்யூனிஸ்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக் படம் போட்ட ஒரு தாளில் பத்து லட்சம் என்று அச்சிட்டிருந்தது, வருடம் 1949. அவர் அப்பா ஊரைவிட்டுக் கிளம்பும்போது கொண்டுவந்ததாம். "இதை வைத்து அப்போதே ஒரு வேளை சாப்பிட முடியாது" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டு கதைகள் கிடைக்கின்றன. ஒன்று, கம்யூனிஸ்டுகள் வரும்வரை சீனா கொடுங்கோல் சக்கரவர்த்திகளும் நிலப்பிரபுக்களும் ஆண்ட இருட்டு நாடு. இரண்டாவது, அது உலகின் மிகப் பெரிய பொருளாதாரம், வெள்ளைக்காரன் அபினைக் கொடுத்துக் கெடுத்தான். நீங்களும் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் இரண்டாவதைச் சொல்லியிருந்தீர்கள். எது சரி? காகிதப் பணத்தைக் கண்டுபிடித்த நாடு அந்த டின்னுக்குள் எப்படி வந்து சேர்ந்தது?

பி.கு.: இங்கே தமிழில் டாலரை 'வெள்ளி' என்கிறோம். பஸ் கட்டணம் இரண்டு வெள்ளி, வாடகை இரண்டாயிரம் வெள்ளி. இதற்கும் சீனாவுக்கும் சம்பந்தம் உண்டா?

அன்புடன்,
மீனாட்சி

*

அன்புள்ள மீனாட்சி,

போகிற போக்கில் எழுதிய வரிதான் எப்போதும் மாட்டிக்கொள்கிறது. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். பொய்யில்லை, ஆனால் சோம்பேறித்தனமான வரி.

1820-ல் உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு சீனாவுடையது என்று ஆங்கஸ் மாடிசன் என்ற பொருளியலாளர் மதிப்பிட்டார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதே மதிப்பீட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. அந்த வருடம் உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் சீனர்கள், சுமார் 38 கோடிப் பேர். பெரிய குடும்பத்தில் உலை பெரிதாகத்தான் வைப்பார்கள். அதை வைத்து அந்த வீட்டில் ஆளுக்கு எத்தனை கவளம் விழுந்தது என்று சொல்ல முடியாது. யாங்ட்சி நதியின் கழிமுகத்தில் பருத்தியும் பட்டும் நெய்துகொண்டிருந்த ஊர்கள் செழிப்பாக இருந்தன. வடமேற்கில் ஒரு வருடம் மழை பொய்த்தால் ஊரே காலியானது. இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை.

உங்களுடைய மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. டின்னில் கிடந்த தாள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் வழியிலேயே பதில் கிடைக்கும். கொஞ்சம் தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதப் பணம் பிறந்தது சிச்சுவானில். சொங் வம்சக் காலத்தில் அந்த மாகாணத்தில் மட்டும் செப்புக் காசுக்குப் பதிலாக இரும்புக் காசு புழங்கியது. நடுவில் சதுர ஓட்டை போட்ட காசு, நம் தாத்தாக்கள் பார்த்த ஓட்டைக் காலணாவின் மூத்த தலைமுறை. கயிற்றில் கோத்தால் ஆயிரம் காசு ஒரு கோவை. இரும்பின் மதிப்போ குறைவு, எடையோ அதிகம். ஒரு சுருள் பட்டு வாங்க ஆள் வைத்துக் காசு சுமக்க வேண்டும். செங்டு நகர வியாபாரிகள் காசை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டே கைமாற ஆரம்பித்தது. சிலர் ஏமாற்றினார்கள், வழக்குகள் வந்தன, 1023-ல் அரசு அந்தத் தொழிலைத் தன் கையில் எடுத்தது. கவனியுங்கள், அந்த அரசு நிதானமாகவே ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு 12.5 லட்சம் கோவை அளவுக்குத்தான் தாள், அதற்கு ஈடாக 3.6 லட்சம் கோவை இருப்பு. இன்றைய ரிசர்வ் வங்கிக்காரர் பார்த்தாலும் தலையாட்டுவார். அப்புறம் வடமேற்கு எல்லையில் போர் வந்தது, படைக்குச் சம்பளம் வேண்டும், இருப்பை மறந்துவிட்டு அச்சடித்தார்கள். இந்தக் காட்சி இன்னும் பல முறை வரும்.

(தேவகோட்டைக்காரர் என்பதால் ஒரு செய்தி. அந்தச் சொங் செப்புக் காசுகள் தஞ்சாவூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. 1077-ல் சோழ நாட்டுத் தூதுக்குழு சீன அரசவைக்குப் போனபோது 81,800 கோவைக் காசு கொடுத்து அனுப்பியதாகச் சீன வரலாற்று ஏடு குறித்து வைத்திருக்கிறது. காணிக்கை கொடுக்கப் போனவர்கள் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நம்மவர்கள் வியாபாரம் என்று நினைத்திருப்பார்கள்.)

மங்கோலியர் ஆட்சியிலும் தாள்தான். மார்க்கோ போலோ வாய்பிளந்தது அதைப் பார்த்துத்தான். அவர்களை விரட்டிய மிங் வம்சத்தின் முதல் சக்கரவர்த்தி, ஏழை விவசாயி வீட்டில் பிறந்து அனாதையாகி மடத்தில் வளர்ந்தவர், 1375-ல் தன் பெயரில் தாள் அடித்தார். இன்றைய நோட்டுப்புத்தகத்தின் பக்கத்தை விடப் பெரிய தாள். அதைக் கொடுத்துக் காசாக மாற்றிக்கொள்ள வழி கிடையாது. பொன்னிலும் வெள்ளியிலும் வியாபாரம் செய்யக் கூடாது என்றும் ஆணை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது: கள்ளநோட்டு அடிப்பவனுக்குத் தலை போகும், காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி 250 லியாங் (சீன எடை) வெள்ளி. தன் தாளை நம்பும்படி ஊருக்குச் சொன்னவர், வெகுமதி என்று வரும்போது வெள்ளியில் தருகிறேன் என்கிறார்! ஜனங்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டார்கள். எழுபது எண்பது வருடத்தில் அந்தத் தாள் கிட்டத்தட்டக் குப்பை. ஊர் தானாகவே வெள்ளிக்கு மாறிவிட்டது, அரசு அதன் பின்னால் ஓடியது. 1436-ல் தெற்கு மாகாணங்களில் வரியின் ஒரு பகுதியை வெள்ளியில் கட்டலாம் என்றார்கள். 1581-ல் ஜாங் ஜூஜெங் என்ற அமைச்சர் நிலவரி, தலைவரி, ஊழிய வேலை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வெள்ளியில் கட்டச் சொல்லும் முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்.

இங்கேதான் முடிச்சு. சீனாவில் வெள்ளிச் சுரங்கம் பெரிதாகக் கிடையாது. ஒரு அரசு தன் வரி முழுவதையும் தன் மண்ணில் விளையாத ஒரு பொருளில் கேட்கிறது. வெள்ளி ஜப்பானிலிருந்து வந்தது, அப்புறம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து. ஸ்பானியர்கள் பொலிவியாவின் பொட்டோசி மலையில் எடுத்ததும் மெக்சிகோவில் எடுத்ததும் அகபுல்கோ துறைமுகத்தில் கப்பலேறி மணிலாவுக்கு வந்தன. 1567-ல் கடல் வியாபாரத் தடை தளர்ந்ததும் ஃபூஜியான் மாகாணத்துக் கப்பல்கள் பட்டையும் பீங்கானையும் ஏற்றிக்கொண்டு மணிலா போய் வெள்ளியோடு திரும்பின. ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளி என்றால் சீனாவில் ஆறு பங்குதான். வெள்ளியைச் சும்மா ஏற்றிவந்து இறக்கினாலே லாபம்.

உங்கள் பின்குறிப்புக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. ஸ்பானிய வெள்ளி டாலரும் பின்னால் மெக்சிகோ டாலரும் மணிலா, ஃபூஜியான், மலாக்கா நீரிணை என்று இந்தக் கடல் முழுக்கப் புழங்கின. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வந்திறங்கிய நம்மவர்கள் கையில் வாங்கிய கூலி அந்த வெள்ளிக்காசுதான். காசு போய்விட்டது, வாயில் பெயர் தங்கிவிட்டது. ஹொக்கியன் என்றால் ஃபூஜியான்தான், பாட்டியின் முன்னோர்களும் அந்த மாகாணத்துக்காரர்கள். உங்கள் 'வெள்ளி'யும் அவர் டின்னும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதில் ஆச்சரியமில்லை.

சரி, வெள்ளி வந்தது. ஆனால் அரசு அதில் நாணயம் அடிக்கவில்லை. செப்புக் காசு மட்டும்தான் அரசு அச்சு. வெள்ளி கட்டியாகவே புழங்கியது, படகு மாதிரி, குதிரைக் குளம்பு மாதிரி வார்த்த கட்டிகள். சில்லறைக்குக் கத்தரியால் வெட்டித் தராசில் நிறுப்பார்கள். லியாங் என்பது எடை, சுமார் 37 கிராம். ஆங்கிலேயர் அதை டேல் என்றார்கள். அந்த 37-உம் ஊருக்கு ஊர் மாறும். அரசுக் கருவூல லியாங் ஒன்று, சுங்கத்துறை லியாங் வேறு, ஷாங்காய் லியாங் வேறு. மாற்றும் ஊருக்கு ஊர் வேறு. ஒவ்வொரு சந்தையிலும் உரைத்துப் பார்ப்பவருக்கும் நாணய மாற்றுக்காரருக்கும் ஒரு வட்டம் போய்க்கொண்டே இருந்தது.

விவசாயி வரி கட்டக் கொண்டுவருவது துண்டு துணுக்கு வெள்ளி. மாவட்ட அதிகாரி அதை உருக்கி ஐம்பது லியாங் கட்டியாக வார்த்து மேலே அனுப்ப வேண்டும். உருக்கும்போது கொஞ்சம் குறையும் அல்லவா? அந்தக் குறைவை ஈடுகட்ட விவசாயியிடம் கூடுதலாக வாங்கினார்கள். நம் நகைக்கடைப் பாஷையில் அச்சாகச் சொன்னால் சேதாரம். உண்மையான சேதாரம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு இருக்கும். வாங்கியது பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல்.

இதை லஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாவட்ட அதிகாரியின் வருடச் சம்பளம் 45 லியாங். அதில் அவர் குடும்பம், சொந்தமாக வைத்துக்கொள்ளும் சட்ட ஆலோசகர், கணக்கர், மேலதிகாரி வந்தால் விருந்து, ஏரிக்கரை உடைந்தால் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அடங்குமா? அவர் சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கக் கூடாது, சில வருடத்துக்கொரு முறை மாற்றல். பல இடங்களில் அந்த ஊர்ப் பேச்சே அவருக்குப் புரியாது. உள்ளூர் தெரிந்த ஆட்கள் என்றால் அலுவலகக் குமாஸ்தாக்களும் ஏவலர்களும்தான். அவர்களுக்குச் சம்பளம் என்று பெயருக்கு ஏதோ. மனுக் கொடுக்க ஒரு தொகை, முத்திரை வைக்க ஒரு தொகை, கைது செய்ய வருபவருக்குச் செருப்புத் தேய்மானம் என்று ஒரு தொகை. இப்படித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்து யோங்ஜெங் சக்கரவர்த்திக்கு இது புரிந்தது. வரலாற்றில் அவருக்கு நல்ல பெயர் இல்லை, அண்ணன் தம்பிகளைச் சிறையில் தள்ளியவர், சந்தேகப் பேர்வழி. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். 1724-ல் சேதாரத்தைச் சட்டபூர்வமாக்கினார். மாகாணத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று வரையறுத்து, வசூலை மாகாணக் கருவூலத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து அதிகாரிகளுக்குச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு படி கொடுத்தார். அதற்கு வைத்த பெயர், 'நேர்மையைப் போஷிக்கும் வெள்ளி'. கிண்டலாக அல்ல, நிஜமாகவே. ஒரு தலைமுறைக்கு அது வேலையும் செய்தது. அவர் மகன் சியான்லோங் காலத்தில் கருவூலத்தில் ஏறத்தாழ 8 கோடி லியாங் சேர்ந்திருந்தது.

ஆனால் அடித்தளத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அதை வைத்தவர் யோங்ஜெங்கின் அப்பா. காங்ஷி சக்கரவர்த்தி 1712-ல், இனி ஜனத்தொகை எவ்வளவு பெருகினாலும் தலைவரி ஏறாது என்று வாக்குக் கொடுத்தார். மஞ்சூரியாவிலிருந்து வந்து ஆண்ட அந்நிய வம்சம், தர்மராஜா என்று பேர் வாங்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த யாருக்கும் அந்த வாக்கை மீறத் துணிவில்லை. 1700 வாக்கில் சுமார் 15 கோடியாக இருந்த மக்கள்தொகை 1850-ல் 43 கோடி. மாவட்டங்களின் எண்ணிக்கையோ ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு என்று அப்படியே நின்றது. ஒரு அதிகாரிக்கு மூன்று லட்சம் பேர். சீனர்களே சொல்வார்கள், 'மலை உயரம், மன்னர் தூரம்' என்று. நீங்கள் படித்த முதல் கதையின் கொடுங்கோலன் ஒரு தலையை வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள். ஒரு கிராமத்தில் எத்தனை ஏக்கர் விளைகிறது என்று அவர் கேட்டால் சரியான பதில் வராது.

அரசு மெலிந்திருந்த இடத்தில் வியாபாரிகள் தங்கள் ஏற்பாடுகளைச் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த விஷயம் இது. ஷான்ஷி மாகாணத்தில் பிங்யாவ் என்று மதில் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். அங்கே சாயக்கடையாக இருந்த ரிஷெங்சாங் என்ற நிறுவனம் 1823 வாக்கில் உண்டியல் கடையாக மாறியது. ஓர் ஊரில் வெள்ளியைக் கட்டினால் இன்னோர் ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மாதம், தேதி, தொகை மூன்றுக்கும் எண் எழுத மாட்டார்கள். செய்யுள் வரிகளின் எழுத்துகளைச் சங்கேதமாக வைத்திருந்தார்கள், அதையும் அவ்வப்போது மாற்றினார்கள். கிளைக்குப் போகும் ஏஜெண்டு குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்துத் திரும்புவார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு ஏஜெண்டும் இவரும் சந்தித்திருந்தால் மொழியே தேவைப்பட்டிருக்காது.

இப்போது அபின். பிரிட்டிஷ்காரர்களுக்குத் தேயிலை வேண்டும். 1784-ல் லண்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5-க்குக் குறைத்ததும் தேவை எகிறியது. சீனர்கள் கேட்டது வெள்ளி. அதற்கு மாற்றாகக் கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில் அபின் விளைவித்தது, கல்கத்தாவில் ஏலம் விட்டது, தனியார் கப்பல்கள் அதைக் குவாங்சோ (கான்டன்) கரையில் கள்ளத்தனமாக இறக்கின. 1800-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் பெட்டி. 1838-ல் ஏறத்தாழ 40,000 பெட்டி. இருநூறு வருடமாக உள்ளே வந்துகொண்டிருந்த வெள்ளி வெளியே போக ஆரம்பித்தது. அதே சமயம் ஸ்பானிய அமெரிக்காவில் விடுதலைப் போர்கள் நடந்து சுரங்கங்கள் பாழானதால் வரத்தும் குறைந்தது என்று சில ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள், அதையும் ஒதுக்க முடியாது.

அபினைப் புகைத்தவனின் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். புகைக்காதவனைப் பாருங்கள். விவசாயி நெல் விற்று வாங்குவது செப்புக் காசு. வரி கட்ட அதை வெள்ளியாக மாற்ற வேண்டும். அரசுக் கணக்கில் ஆயிரம் காசு ஒரு லியாங். வெள்ளி அருகியபோது அது ஆயிரத்து அறுநூறு ஆனது, 1840-களில் இரண்டாயிரத்தையும் தாண்டியது. பீக்கிங் அரசு ஒரு பைசாகூட வரி ஏற்றவில்லை, காங்ஷியின் வாக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் இவன் கட்ட வேண்டியது இரட்டிப்பாகிவிட்டது. அபினைக் கண்ணால் பார்த்திராத ஒருவன், பொட்டோசி எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவன், தன் அதிகாரிதான் திருடுகிறான் என்று நினைத்தான். அதிகாரியும் கொஞ்சம் திருடிக்கொண்டுதான் இருந்தான் என்பதால் சந்தேகம் தீர வழியே இல்லை.

1839-ல் சக்கரவர்த்தி அனுப்பிய ஆணையர் லின் ஸெஷூ ஹூமன் கடற்கரையில் இருபதாயிரம் பெட்டிக்கு மேல் அபினை உப்பும் சுண்ணாம்பும் கலந்த குழிகளில் மூன்று வாரம் கரைத்ததும், பிரிட்டனோடு போர் வந்ததும், அதை முடித்த 1842 நான்ஜிங் உடன்படிக்கையும் நீங்கள் படித்திருப்பீர்கள். நம் பாடப்புத்தகத்தில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1841 மே மாதம் குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்தபோது, கொட்டும் மழையில் துப்பாக்கி வெடிக்காமல் தனியாக மாட்டிக்கொண்டவர்கள் சென்னை ராணுவத்தின் 37-ஆம் காலாட்படைச் சிப்பாய்கள். சீனாவில் இன்றும் அது தேசிய எதிர்ப்பின் முதல் காட்சியாகக் கொண்டாடப்படுகிறது. எதிர்ப்பக்கம் நின்றது யார் என்று நாம் பேசுவதில்லை. சிங்கப்பூர் பற்றியும் ஒரு வார்த்தை: சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் பல வருடங்கள் ஏறத்தாழ பாதி அபின் குத்தகையிலிருந்து வந்தது.

ஆகவே இரண்டாவது கதையில் உண்மை உண்டு. ஆனால் அபின் வெள்ளமாவதற்கு வெகு முன்பே, 1796-ல், வெள்ளைத் தாமரை என்ற மதப் பிரிவின் கலகம் வெடித்துவிட்டது. அதை அடக்க எட்டு வருடமும் 10 கோடி லியாங்குக்கு மேலும் ஆயிற்று. சியான்லோங் சேர்த்த கருவூலம் அதில் கரைந்தது. அப்போது பிரிட்டனோடு போர் எதுவும் வந்திருக்கவில்லை.

அடுத்து தைப்பிங் கலகம், 1851 முதல் 1864 வரை. அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற ஹோங் ஷியூசுவான் என்பவர் தன்னை ஏசுவின் தம்பி என்று அறிவித்துக்கொண்டு நான்ஜிங்கைப் பிடித்துத் தலைநகராக்கினார். செத்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்கிறார்கள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. நம் கணக்குக்கு வேண்டியது, அதை அடக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். பீக்கிங்கிடம் இல்லை. ஸெங் குவோஃபான் போன்ற மாகாணத் தலைவர்கள் சொந்தமாகப் படை திரட்டினார்கள். அதற்காக 1853-ல் லிஜின் என்ற வழிச்சுங்கம் பிறந்தது. ஆரம்பத்தில் நூற்றுக்கு ஒன்று. சீக்கிரமே ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாவடி. ஒரு மூட்டை பருத்தி நூறு மைல் போவதற்குள் ஐந்தாறு முறை சுங்கம் கட்டும். அந்த வசூல் மாகாணத்தின் கையிலேயே நின்றது. கலகம் ஒழிந்தது, சாவடி ஒழியவில்லை. ஐம்பது வருடம் கழித்து நாட்டைக் கூறுபோட்ட படைத்தலைவர்களுக்கான வழி இங்கேதான் போடப்பட்டது.

இன்னொரு வேடிக்கை. வசூலான காசை ஒழுங்காகப் பீக்கிங்குக்கு அனுப்பிய ஒரே துறை கடல் சுங்கத்துறை. அதை நடத்தியவர் ராபர்ட் ஹார்ட் என்ற அயர்லாந்துக்காரர், 1863-லிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு. சீன அரசின் சம்பளம் வாங்கிய சீன அரசு ஊழியர். ஆனால் உடன்படிக்கைகள் சுங்கத்தை ஐந்து சதவீதத்தில் கட்டிப்போட்டுவிட்டதால் அவர் எவ்வளவு நேர்மையாக வசூலித்தாலும் அவ்வளவுதான். பின்னால் அந்த வசூலும் அந்நியக் கடனுக்கு அடமானம் போயிற்று.

1895-ல் ஜப்பானிடம் தோற்றதற்கு 20 கோடி லியாங், ஒரு தீபகற்பத்தைத் திரும்பப் பெற இன்னும் 3 கோடி. அரசின் இரண்டு வருட வருமானத்துக்கும் மேல். ஜப்பான் அந்தப் பணத்தை வைத்து 1897-ல் தங்க நாணய முறைக்கு மாறியது. 1901-ல், அந்நியர்களை எதிர்த்த பாக்ஸர் கலகத்துக்கு அபராதம் 45 கோடி, ஆளுக்கு ஒரு லியாங் என்ற கணக்கு, 39 வருடத் தவணை, நாலு சதவீத வட்டி. தங்கத்தின் மதிப்பில் கட்ட வேண்டும். உலகமெல்லாம் வெள்ளியைக் கைவிட்டு அதன் விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில், வெள்ளியில் வரி வாங்கி, தங்கத்தில் கடன் அடைப்பது! தணிக்கைக்காரர் நீங்கள், இந்த இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போடுவீர்களா?

வம்சம் விழுந்ததும் கணக்குத் தகராறில்தான். சிச்சுவானில் ரயில் போட நிலவரியோடு சேர்த்து ஊராரிடம் பங்குப் பணம் வாங்கியிருந்தார்கள். 1911 மே மாதம் அரசு ரயில் திட்டங்களை நாட்டுடைமை ஆக்கி அந்நிய வங்கிகளிடம் கடன் வாங்கியது. பங்குதாரர்கள் தெருவுக்கு வந்தார்கள், அவர்களை அடக்கப் பக்கத்து மாகாணத்திலிருந்து துருப்புகள் போயின, காலியான வூச்சாங்கில் அக்டோபர் 10 அன்று புரட்சி வெடித்தது. அடுத்த பிப்ரவரியில் ஆறு வயதுச் சக்கரவர்த்தி முடி துறந்தார். குடியரசுத் தலைவரான யுவான் ஷிகாய் 1913-ல் 2.5 கோடி பிரிட்டிஷ் பவுன் அந்நியக் கடன் வாங்கினார். கழிவு போகக் கைக்கு வந்தது சுமார் 2.1 கோடி, ஈடு உப்பு வரி. சேதாரம் இப்போது பவுனில். 1914-ல் தன் வழுக்கைத் தலையைப் பொறித்து ஒரு வெள்ளி டாலர் அடித்தார். அவர் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு 1916-ல் அவமானப்பட்டுச் செத்தார். காசு நல்ல மாற்று. 'பெரிய தலை' என்று ஜனங்கள் அதை நம்பினார்கள்.

படைத்தலைவர்கள் காலத்தை வேகமாகக் கடக்கிறேன். சிச்சுவானில் சில இடங்களில் பல பத்து வருடத்து நிலவரியை முன்கூட்டியே வாங்கினார்கள், அது போதும். அதே வருடங்களில் ஷாங்காயிலும் வூஷியிலும் ரோங் சகோதரர்கள் போன்றவர்கள் மாவு ஆலைகளும் பஞ்சாலைகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 'இருட்டு நாடு' என்ற கதைக்கு அது ஒத்துவராது.

சியாங் கை ஷேக்கின் நான்ஜிங் அரசு 1927-க்குப் பிறகு சுங்க உரிமையை மீட்டது, லிஜினை ஒழித்தது, 1933-ல் லியாங்கையே ஒழித்து வெள்ளி யுவான் ஒன்றுதான் என்றது. இவையெல்லாம் நூறு வருடம் தாமதமான நல்ல வேலைகள். அடுத்த வருடமே அமெரிக்கா, தன் மேற்கு மாநிலச் சுரங்க முதலாளிகளுக்காக, அதிக விலைக்கு வெள்ளி வாங்கிக் குவிக்கச் சட்டம் போட்டது. ஷாங்காயிலிருந்து சில மாதங்களில் 20 கோடி யுவானுக்கு மேல் வெள்ளி கப்பலேறியது. வங்கிகளில் பணம் வறண்டது, ஆலைகள் மூடின. 1935 நவம்பரில் அரசு வெள்ளியைக் கைவிட்டு ஃபாபி என்ற தாளைக் கொண்டுவந்தது. மிங் சக்கரவர்த்தியின் தாளைப் போல மறுபடியும் நாடு முழுக்கத் தாள். ஒன்றரை வருடம் அது நன்றாகவே ஓடியது.

1937-ல் ஜப்பான் இறங்கியது. கடற்கரை போனது, அதோடு சுங்கமும் உப்பும் ஆலைகளும். மலைக்குள் சோங்சிங்கில் உட்கார்ந்திருந்த அரசிடம் மிஞ்சியது அச்சு இயந்திரம். வெளிநாட்டில் அச்சடித்த நோட்டுகளும் இமயமலைக்கு மேலே விமானத்தில் பறந்துவந்தன. 1945-ல் விலைவாசி போருக்கு முன் இருந்ததைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகம். 1937-ல் நூறு யுவானுக்கு இரண்டு மாடு, பத்து வருடம் கழித்து ஒரு தீப்பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு என்று சீனர்கள் கணக்குச் சொல்வார்கள்.

பாட்டியின் டின்னில் இருப்பது அதற்கும் அடுத்த தாள். 1948 ஆகஸ்ட் 19 அன்று 'தங்க யுவான்' அறிவித்தார்கள். 30 லட்சம் பழைய யுவானுக்கு ஒரு புதிய யுவான். வீட்டிலிருக்கும் தங்கம், வெள்ளி, டாலர் எல்லாவற்றையும் செப்டம்பர் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும். ஷாங்காயில் சியாங்கின் மகன் சியாங் சிங் குவோ நேரே இறங்கிப் பதுக்கல்காரர்களைப் பிடித்தார். சிலரைச் சுடவும் செய்தார்கள். அப்புறம் ஒரு பெரிய கிடங்கைத் தொட்டபோது அது சியாங்கின் மனைவியுடைய அக்கா மகனின் நிறுவனம் என்று தெரியவந்தது. நடவடிக்கை அங்கேயே நின்றது. நவம்பரில் அச்சடிப்பின் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து வளையலையும் மோதிரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், சின்னக் கடைக்காரர்கள். அந்த ஆட்சியை விரும்பியவர்கள் என்று நகரத்தில் யாராவது இருந்தால் இவர்கள்தான். டிசம்பரில் ஷாங்காய் வங்கி வாசலில் தங்கம் திருப்பிக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு முண்டியடித்த கூட்டத்தில் சிலர் நசுங்கிச் செத்தார்கள். ஒப்படைத்த தங்கத்தின் பெரும்பகுதி ஏற்கனவே தைவானுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பத்து லட்சம் யுவான் தாள் வெளிவந்தது அதற்கடுத்த வருடம். மே மாதம் கம்யூனிஸ்ட் படை ஷாங்காய்க்குள் நுழைந்தபோது ஜனங்கள் தெருவோரத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது 35 வருடம் முன்பு அடித்த யுவான் ஷிகாயின் வெள்ளிக்காசை வைத்து.

ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த டின்னின் அடியில், நோட்டுக்கட்டுக்குக் கீழே, வழுக்கைத் தலையும் மீசையும் வைத்த கனமான காசு ஏதாவது கிடக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். மேஜையில் தட்டினால் 'டிங்' என்று நீளமாகக் கேட்க வேண்டும். ஊதிக் காதருகே பிடித்தும் பார்ப்பார்களாம். அவர் அப்பா விவரமானவராக இருந்தால் ஒன்றிரண்டாவது இருக்கும். இல்லையென்றால், சிங்கப்பூர் வந்திறங்கிய முதல் வாரச் சாப்பாட்டுக்கு அவை போயிருக்கும்.

அன்புடன்.